மானிப்பாயை எடுத்துப்போட்டு யோசியுங்கோ

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘மிஸ்’ என்றே கூப்பிட்டோம். முன்னர் கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் வகுப்பில் கணிதம் படிப்பித்தவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். வயதில் என்னை ஒத்தவர்தான். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால், “அது தெரிஞ்ச விசயம்தானே” என்று அவர் முன்னால் சொல்லிவிட்டுத் தப்பிப் போனவர் யாருமில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். பிறகு, “ஆருக்குத் தெரிஞ்ச விசயம்?” என்பார்.

அலுவலகம் என்று பெரிதாக நினைக்கவேண்டாம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. உயர்தர வகுப்பு மாணவர்கள் இணையத்தில் ‘இணைந்த கணிதம்’ என்ற பாடத்தைச் செய்து பழகுவதற்கு நாங்கள் ஒரு தளம் நடத்தினோம். மாணவர் விடையைத் தட்டச்சு செய்வார், சரியா பிழையா என்று தளம் உடனே சொல்லவேண்டும். ஒரே விடையைப் பத்துப் பிள்ளைகள் பத்து விதமாக எழுதுவார்கள். ஒருவர் விரித்து எழுதுவார், இன்னொருவர் சுருக்கி எழுதுவார். இவை எல்லாம் ஒன்றுதானா என்று பார்க்க, எண்களை விட்டுவிட்டு எழுத்துக்களையே கூட்டிக் கழிக்கும் அட்சரகணித மென்பொருள் ஒன்றை வைத்திருந்தோம். தளத்தைக் கட்டியது நான். அந்த மென்பொருளோடு குடித்தனம் நடத்தியது மிஸ்.

குடித்தனம் என்று சும்மா சொல்லவில்லை. எங்களில் மற்ற எல்லோரும் அந்த மென்பொருளைத் திட்டினோம். எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸ்தான் வரும், இதை எட்டாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். அது சொல்லாது. நாம் கேட்ட கேள்வியையே அப்படியே திருப்பி நம் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். முதல் கிழமை நான் இதைப் பார்த்து, “இது ஒரு மொக்குச் சாமான்” என்றேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

“எக்ஸ் மறை மூண்டு, பூச்சியத்துக்குக் கீழ மூண்டு எண்டு வையுங்கோ. வர்க்கம் என்ன?”

“ஒன்பது.”

“ஒன்பதுக்கு மூலம்?”

“மூண்டு.”

“எக்ஸ் மறை மூண்டு. உங்கட விடை நேர் மூண்டு. இப்ப ஆர் மொக்கு?”

நான் தலையைச் சொறிந்தேன். “எக்ஸ் நேர் எண்டுதானே எல்லாரும் எடுப்பினம்” என்றேன்.

“நீங்கள் எடுத்தீங்கள். அதிட்டச் சொன்னீங்களா? சொல்லாததை அது எடுக்காது. அது மொக்கில்லை. மரியாதை தெரிஞ்சது.”

சொல்வதற்கு ஒரு வழி இருந்தது. கணக்குத் தொடங்குமுன் ஒரு வரி எழுதவேண்டும்: இந்த எக்ஸ் நேரானது, அல்லது மெய்யெண், அல்லது நிறைவெண். அந்த எடுகோளைக் கொடுத்தால் மென்பொருள் பேசாமல் சுருக்கித் தரும். எனக்கு அது வெறும் ஒரு வரி. மிஸ்ஸுக்கு அதுதான் கணக்கே. ஒவ்வொரு வினாவையும் வாசித்து, இதில் எக்ஸ் யார், அதைப்பற்றி வினா உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். நீளம் என்றால் நேர் என்று போடுவார். ஆட்களின் தொகை என்றால் நிறைவெண். வினா ஒன்றும் சொல்லாவிட்டால் அவரும் ஒன்றும் போடமாட்டார். சொல்லாமல் விடுவது எவ்வளவு பிழையோ, தேவைக்கு மிஞ்சிச் சொல்வதும் அவ்வளவு பிழை என்பது அவர் கட்சி. நான் அவசரத்தில் எதையாவது கூடப் போட்டுவிட்டால் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “இந்தக் கணக்குக்கு அது தேவையா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியை நாங்கள் சாப்பாட்டுக் கடையில், படிக்கட்டில், பஸ் தரிப்பிடத்தில் என்று போகும் இடமெல்லாம் அவரைப்போல் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறோம். அவரும் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

வாழ்க்கையையும் அவர் அதே வழியில்தான் நடத்தினார், அதுதான் சிக்கல். ஒருநாள் எங்களோடு வேலை செய்த பொடியன் ஒருவன் பத்து மணியாகியும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. எங்கள் முதலாளியை நாங்கள் சேர் என்போம். “படுத்துக் கிடப்பான், வேற என்ன” என்றார் சேர். “தெரியாது எண்டு போடுங்கோ சேர்” என்றார் மிஸ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். பொடியன் பதினொரு மணிக்கு வந்தான். உண்மையாகவே படுத்துத்தான் கிடந்திருக்கிறான், தலையணைத் தடம் கன்னத்தில் இருந்தது. சேருக்குப் பெரிய வெற்றி. “இப்ப என்ன சொல்லுறீங்கள் மிஸ்?” என்று வந்து நின்றார். “விடை சரி சேர். வழி பிழை. புள்ளி குடுக்கேலாது” என்றார் மிஸ்.

இப்படிப்பட்டவரோடு பழகுவது லேசு என்று சொல்லமாட்டேன். “எல்லாம் சரி வரும்” என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. என் அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த நாளில் நான் வேண்டுமென்றே அவரிடம் போய், “ஒண்டும் இராதுதானே?” என்று கேட்டேன். “தெரியாது” என்றார். எனக்குக் கோபமே வந்தது. ஆனால் அன்று பின்னேரம் தன் பஸ்ஸை விட்டுவிட்டு முடிவு வரும்வரை என்னோடு கதிரையில் இருந்தவர் அவர் மட்டும்தான். முடிவு நல்லதாக வந்ததும் முகம் முழுக்கச் சிரித்தார். அதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

இனி அந்த ஊர்க் கதைக்கு வரவேண்டும்.

வெள்ளவத்தையில் இரண்டு தமிழர் சந்தித்தால் வணக்கத்துக்கு அடுத்த கேள்வி, “ஊரில எவ்விடம்?” என்பதுதான். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று அர்த்தம். நாங்கள் இதைக் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை என்று நான் சத்தியம் செய்வேன். பாதி அன்பு. இரண்டு மூன்று கேள்வியில் யாராவது ஒரு பொது மச்சானைப் பிடித்துவிடலாம், பிறகு தேத்தண்ணி வரும். மற்றப் பாதி என்னவென்றும் எங்களுக்குத் தெரியும். ஊரைச் சொன்னால் குறிச்சி, குறிச்சியைச் சொன்னால் கோயில், கோயிலைச் சொன்னால் ஆட்கள் யார், என்ன சாதி என்று தெரிந்துவிடும். பிறகு அந்த மனிதரைப்பற்றி நாம் யோசிக்க வேறொன்றும் மிச்சமிருக்காது.

மிஸ் நேர்முகத்துக்கு வந்த அன்று சேரும் இதைத்தான் கேட்டாராம். மிஸ், “அது எந்தக் கணக்குக்கு சேர்?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். சேர் அந்த இடத்திலேயே வேலையைக் கொடுத்துவிட்டார். பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நாங்களும் காதைத் தீட்டிப் பார்த்தோம். சரிவரவில்லை. எங்களோடு யாழ்ப்பாணத்தார்போல ‘ஓம்’ என்பார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை முஸ்லிம் முதலாளியை நானா என்போம், அவரோடு இவர் பேச்சு நானாவின் பேச்சுப் போலவே போகும். ஓட்டோக்காரரோடு “அய்யே” என்று தொடங்கிச் சிங்களத்தில் பேரம் பேசுவார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்களின் நாக்கு அப்படி. அங்கே ஒரு வீதியில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் இருக்கும், எல்லா மணியும் எல்லாருக்கும் கேட்கும். பெயரை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. எவர் வீட்டிலும் வைக்கக்கூடிய பெயர். சரி, அவர் ஊர் தெரியாமலே மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம், சோற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்த மூன்று வருடத்தில் மிஸ் எங்கள் மானத்தைக் காப்பாற்றிய கதை ஒன்றுண்டு. தீவு முழுக்கப் பிள்ளைகள் எழுதும் மாதிரிப் பரீட்சை ஒன்றை எங்கள் தளத்தில் நடத்த ஒப்புக்கொண்டிருந்தோம். பரீட்சைக்கு முதல்நாள் ஒத்திகை பார்த்தால் சரியான விடைகளுக்கெல்லாம் பிழை என்று வருகிறது. ஏனென்று தேடித் தேடிக் கடைசியில் திரையில் ஒரு விசித்திரத்தில் வந்து நின்றோம். மென்பொருளிடம் எக்ஸிலிருந்து எக்ஸைக் கழிக்கச் சொன்னால் பூச்சியம் வரவில்லை. எக்ஸ் கழித்தல் எக்ஸ் என்றே வெட்கமில்லாமல் எழுதிக் காட்டியது. சேர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பொடியன் கணினியை நிறுத்தி மறுபடி போட்டான். நான் ஏதாவது வைரஸாக இருக்கும் என்றேன்.

மிஸ் மட்டும், “இந்த எக்ஸ் எங்க பிறந்தது?” என்று கேட்டார். போய்ப் பார்த்தால், மாணவர் விடையை வாசிக்கும் என் பகுதியில் எக்ஸைப்பற்றி ஒரு எடுகோளும் இல்லை. சரியான விடையை வைத்திருந்த அவர் பகுதியில் எக்ஸ் நேரானது என்று எழுதியிருந்தது. “இவை ரெண்டு பேர். பேர் மட்டும் ஒண்டு. ஒருத்தரைப்பற்றி ஒண்டு தெரியும், மற்றவரைப்பற்றி ஒண்டும் தெரியாது. அது எப்பிடி ரெண்டையும் வெட்டிவிடும்?” என்றார். திரையில் எங்கள் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிந்தவர்கள் மென்பொருளுக்கு வேறு வேறு ஆட்கள்.

சேர் உடனே, “அப்ப எல்லா எக்ஸையும் நேர் எண்டு போட்டுவிடுங்கோவன், முடிஞ்சுது” என்றார். மிஸ் மறுத்துவிட்டார். அப்படிப் போட்டால், மறை எண்ணை மறந்துவிட்டு வர்க்கமூலத்தை எக்ஸ் என்று எழுதும் பிள்ளைக்கும் புள்ளி விழும், மறக்காமல் எழுதும் பிள்ளைக்கு ஒரு மதிப்பும் இராது. “அந்தப் பிள்ளை யோசிச்ச யோசனைக்கு ஆர் சேர் பதில் சொல்லுறது?” என்று கேட்டார். சேர் முணுமுணுத்துக்கொண்டே பரீட்சையை ஒருநாள் தள்ளி வைத்தார். நானும் மிஸ்ஸும் இருந்து வினா வினாவாக வாசித்து, அந்தந்த எக்ஸுக்கு உரியதை மட்டும், இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக எழுதி முடித்தோம். பரீட்சை ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. நன்றி சொல்லி எழுதியவர்கள் எல்லோரும் சேருக்கே எழுதினார்கள். மிஸ் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பெற்றோல் வரிசைகள் சந்திக்குச் சந்தி வளைந்து கிடந்த காலத்தில் அவருக்குப் பெரிய இக்கட்டு வந்தது. அவரும் தகப்பனாரும் மட்டும்தான் வீட்டில். தகப்பனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கிழமையில் சில நாள் போய் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். கொட்டாஞ்சேனை நகரத்தின் ஒரு முனை, களுபோவில மறுமுனை. பஸ்ஸில் அவரை ஏற்ற முடியாது. ஓட்டோக்காரர்கள் பெற்றோலுக்கு வரிசையில் படுத்திருந்தார்கள். ஒருதரம் போகமுடியாமல் நாள் தவறி, மனிதர் மூச்செடுக்க முடியாமல் கிடந்திருக்கிறார். இன்னொரு முறை தவறினால் பொறுப்பில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ, யாருடையதாவது வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதி, அனெக்ஸ் ஒன்று கிடைத்தால் தள்ளுவண்டியிலாவது கொண்டுபோகலாம். மிஸ்ஸுக்கு அப்போது வீடு என்றால் அப்பாவின் உயிர்.

வெள்ளவத்தையில் வாடகை அனெக்ஸுக்கா பஞ்சம். மதிய இடைவேளையில் மிஸ் ஒழுங்கை ஒழுங்கையாக இறங்கினார். ஒவ்வொரு கேற்றிலும் அதே கேள்வி நின்றது. “ஊரில எவ்விடம் பிள்ளை?” இவர், “ரெண்டு பேர் இருப்பம் அம்மா. ஒராள் வருத்தக்காரர். சத்தம் இராது. வாடகை பிந்தாது” என்பார். “அது சரி, ஊரில...” என்பார்கள். “அது வாடகைக்குத் தேவையா அம்மா?” என்பார். “பிறகு சொல்லுறம்” என்பார்கள். ஒருவரும் பிறகு சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏதாவது ஒரு ஊரைச் சொல்லிவிடுங்கோவன் மிஸ். ஆர் போய்ப் பாக்கப்போயினம்?” என்றேன்.

“சொன்னால் அது அங்கயே கிடக்கும். பிறகு நான் என்ன செய்தாலும், அப்பா என்ன செய்தாலும், அதை வைச்சுத்தான் விடை வரும். எங்களை ஆரும் பாக்கமாட்டினம்.”

“அப்ப உண்மையைச் சொல்லுங்கோ.”

“உண்மை எண்டாலும் அதேதான்” என்றார்.

எங்கள் வீட்டுக் கீழ் அனெக்ஸ் அந்த மாதம் காலியானது. இருந்தவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். என் அம்மா வங்கியில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லும் ஆள். அனெக்ஸ் விசயத்தைத் தரகர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் வீடு பார்க்க வருவார் என்று நான் சொன்னபோது, “தரகரிட்டச் சொல்லி ஒழுங்காக் கூட்டிக்கொண்டு வரட்டும்” என்றார். அவருடைய ஒழுங்கு அப்படி. தரகருக்கும் சந்தோசம். அம்மாவுக்கு எந்த மொழியில் சொன்னால் ஏறும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மிஸ் வந்த அன்று தகப்பனாரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கூட்டிவந்திருந்தார். அவர் களைத்துப்போய் ஓட்டோவில் சாய்ந்திருந்தார். ஓட்டோ கேற்றடியில் நின்றது. பெற்றோல் காயுதென்று சாரதி இரண்டுதரம் ஹோர்ன் அடித்துவிட்டார். அம்மா அதையெல்லாம் ஜன்னலால் பார்த்தார். அனெக்ஸைத் திறந்து காட்டினார். பிறகு மேலே கூட்டிவந்து தேத்தண்ணியும் கொடுத்தார். வந்தவரை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அனெக்ஸ் பூட்டின் திறப்பு மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“அப்ப மானிப்பாயில எந்தப் பக்கம் பிள்ளை?” என்றார் அம்மா, வெகு சாதாரணமாக. “என்ர பெரியம்மா கலியாணம் செய்தது அங்கதான்.”

மிஸ் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி இல்லை என்றேன், நான் சொல்லவில்லை. அந்த யாழ்ப்பாணத்து ஊரைச் சொல்லிவைத்த தரகர் வாசலடியில் நின்று கூரையைப் பார்த்தார்.

மிஸ் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சும்மா சிரித்தால் போதும். ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாலே போதும், அம்மா மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். கீழே அந்த மனிதர் ஓட்டோவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். சிரித்துவிடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மிஸ் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

“அம்மா, நான் மானிப்பாய் எண்டு ஆரோ உங்களிட்டச் சொல்லியிருக்கினம். நான் சொல்லேல்லை.”

“அப்ப எவ்விடம்?”

“அது வேற. ஆனால் நீங்கள் இப்ப எனக்கு வீடு தந்தால் மானிப்பாய்க்குத்தான் தந்த மாதிரி. மானிப்பாயை எடுத்துப்போட்டு யோசியுங்கோ. நாங்கள் ரெண்டு பேர். அப்பாவுக்கு வருத்தம். நான் வேலைக்குப் போறனான், உங்கட மகனுக்கு என்னைத் தெரியும். இவ்வளவுதான் இருக்கு. இது காணாது எண்டால் பரவாயில்லை அம்மா, எனக்கு மனவருத்தமில்லை.”

குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் தடுமாறியது. மனவருத்தமில்லை என்று அவர் சொன்னதுதான் அவர் வாயால் நான் கேட்ட ஒரே பொய்.

அம்மா ஜன்னலால் ஓட்டோவைப் பார்த்தார். பிறகு, “தேத்தண்ணியைக் குடியுங்கோ பிள்ளை, ஆறப்போகுது” என்றார். மிஸ் முழுவதும் குடித்தார். எழுந்து கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். ஓட்டோ போகும் சத்தம் கேட்டது. திறப்பு சீனிப் போத்தலடியில் அப்படியே கிடந்தது.

அம்மா முதலில் தரகரைப் பிடித்தார். அதை இங்கே எழுத முடியாது. பிறகு என்னிடம் வந்தார்.

“அப்ப அவ எவ்விடம்?”

“தெரியாது.”

“மூண்டு வருசமா ஒண்டா வேலை செய்யிறாய். தெரியாதோ?”

“கேக்கேல்லை.”

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன. கொஞ்சநேரத்தால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“முன்னம் இருந்ததுகள் எங்கட ஊர். எங்கட கோயில். போகேக்க மேல ஃபானையும் கழட்டிக்கொண்டு போட்டுதுகள்” என்றார்.

மேசையில் கிடந்த திறப்பைப் பார்த்தார்.

“இவ தலையை ஒருக்கா ஆட்டியிருந்தால் திறப்புக் கையில. தேப்பன் வெளியில அந்த நிலையில இருக்கேக்க ஆட்டேல்லை. பொய் சொல்லாத ஆள் எண்டு தெரிஞ்சாப் பிறகு மிச்சத்தை அறிஞ்சு நான் என்ன செய்யப்போறன்?” திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். “கொண்டுபோய்க் குடு. மோட்டரைப்பற்றி மட்டும் சொல்லிவிடு.”

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டர் கீழ் அனெக்ஸில் இருந்தது. காலையில் நேரத்துக்குப் போடாவிட்டால் மேலே தண்ணீர் இல்லை, நேரத்துக்கு நிறுத்தாவிட்டால் கூரையால் அருவி பாயும். அம்மாவுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கவலை கிடையாது. நான் அடுத்தநாள் காலை மிஸ்ஸிடம் திறப்பைக் கொடுத்து மோட்டர் விசயத்தையும் சொன்னேன். அவர் திறப்பைக் கையில் பொத்திக்கொண்டு கழிவறைக்குப் போய்விட்டு, கண் சிவந்து திரும்பி வந்தார். பிறகு மோட்டர் எத்தனை மணிக்குப் போடவேண்டும், தாங்கி நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அம்மா திருந்திவிட்டார் என்று நினைத்தால் தவறு. அவர் துப்பறியத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை கீழே என்ன வாசம் வருகிறது என்று பார்த்தார். மீனும் வந்தது, சாம்பாரும் வந்தது. சுவரில் என்ன படம் என்று எட்டிப் பார்த்தார், ஒரு மருந்துக் கடைக் கலண்டர்தான் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்தார், ஏனம் நிறைய வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. நத்தாருக்குக் கேக் வந்தது, ஆனால் கொழும்பில் நத்தாருக்குக் கேக் கொடுக்காதவர் யார். நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டு இனிப்பான வட்டிலப்பம் வந்தபோது அம்மா குழம்பியே போனார். அது அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடை நானா கொடுத்தது என்று நான்தான் விளக்கினேன். தகப்பனார் பின்னேரங்களில் கேற்றடிக் கதிரையில் இருந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார். அம்மா மேலே நின்று சத்தத்துக்குத் திட்டுவார். திட்டி முடித்ததும் ஸ்கோர் என்னவென்று கேட்பார்.

இப்படியே இருக்க, ஒருநாள் எதிர்வீட்டு அன்ரி மதிலடியில் நின்று, “உங்கட கீழ் வீட்டில இருக்கிறவை என்ன ஆக்கள்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“நேரத்துக்கு மோட்டர் போடுற ஆக்கள்” என்றார் அம்மா.

அடுத்த வருட மழைக்காலத்தில் ஒரு காலை தகப்பனார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எங்கள் வீட்டுக்கு வந்தபின் ஒருநாளும் சிகிச்சை தவறவில்லை, அவருக்கு இருந்த காலம் அவ்வளவுதான். நானும் மிஸ்ஸும் ஓட்டோவில் திரும்பி வந்தபோது அம்மா குடையோடு கேற்றடியில் நின்றார். மிஸ்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

பிறகு அம்மா சொன்னார்: “பிள்ளை, இப்ப நான் ஒண்டு கேக்கவேணும். கேக்காமல் எனக்கு ஒண்டும் செய்யேலாது.”

“கேளுங்கோ அம்மா. இப்பதான் தேவை.”

அம்மா கேட்டார். மிஸ் சொன்னார். அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், அவர்கள் யார், எப்படிக் கொழும்புக்கு வந்தார்கள், அப்பாவை எந்த முறையில் அனுப்பவேண்டும், தலைமாட்டில் என்ன வைக்கவேண்டும், அந்த நாட்களில் வீட்டில் எது சமைக்கக்கூடாது, யாருக்கு முதலில் அறிவிக்கவேண்டும். ஒரு தயக்கமும் இல்லாமல், ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல், கேற்றடியில் மழைக்குள் நின்று எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை நாளும் அதில் அவருக்கு வெட்கம் ஏதும் இருந்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவற்றில் ஒன்றும் தவறாமல் செய்தார். தான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒருநாளும் செய்திராத சில வேலைகளையும் அன்று செய்தார். பொரளைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே எரிக்கவும் இடமுண்டு, புதைக்கவும் இடமுண்டு. அதற்குமேல் நான் இங்கே எழுதவில்லை, மிஸ் வாசித்தால் கண்ணாடியைக் கழற்றுவார்.

ஆறேழு மாதத்தின் பின் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போகும்போது அனெக்ஸைத் துடைத்துக் கழுவி, எங்கள் ஃபான் இல்லாத இடத்தில் தான் வாங்கிப் பூட்டிய ஃபானை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அம்மா அழுது முகம் வீங்கி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அலுவலகத்தில் நான் இன்று வரைக்கும் எந்தக் கணக்கையும் தொடங்குமுன், எக்ஸைப்பற்றி என்ன தெரியும் என்று ஒருதரம் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் நான் பெற்றுக்கொண்டது அது. எத்தனையோ கெட்டிக்காரர்களைக் கண்டிருக்கிறேன், அவரளவு நேர்மையாக யோசித்த ஒருவரை இன்னும் காணவில்லை.

போன மாதம் அனெக்ஸுக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. இளம் புருசனும் பெண்சாதியும், கைக்குழந்தை ஒன்று. தரகர் வாயைத் திறக்குமுன் அம்மா அவரைக் கேற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டார். வந்தவர்களை மேலே இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, எத்தனை பேர் இருப்பீர்கள், பிள்ளை இரவில் அழுமா, மோட்டர் போடத் தெரியுமா என்று கேட்டார். யோசித்தார். திறப்பை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

அவர்கள் படியிறங்கும்போது அம்மா கைப்பிடியில் சாய்ந்து, “அது சரி பிள்ளை, ஊரில எவ்விடம்?” என்றார்.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

“என்ன முழிக்கிறாய்? திறப்புக் குடுத்தாச்சு. இனிக் கேக்கலாம்தானே” என்றார்.